ரீசெட் செய்யும் முன்பும் பின்பும்: கைத்தொலைபேசிக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் முறை

கைத்தொலைபேசியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பிவிடுவதைத்தான் ரீசெட் என்கிறோம். செயலிகள், படங்கள், தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், உள்நுழைந்திருந்த கணக்குகள் ஆகிய அனைத்தையும் அது அழித்து, இயங்குதளத்தை மட்டும் மிச்சம் வைக்கிறது. கிளிநொச்சி நகரத்துக் கடையிலும் சரி, துணுக்காய்ச் சந்தியிலுள்ள கடையிலும் சரி, போன் சற்று முரண்டு பிடித்தவுடன் "ரீசெட் அடிச்சால் சரிவரும்" என்ற பதிலே முதலில் கிடைக்கிறது. பல கோளாறுகளுக்கு அது தேவையே இல்லை. தேவைப்படும் இடங்களிலும், அழிந்தவற்றில் எது திரும்பிவரும், எது வராது என்பது பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. போனிலுள்ள கூகிள் கணக்கின் முகவரியும் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கின்றனவா, காப்புப் பிரதி (பேக்கப்) உண்மையாகவே எடுக்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எவரும் ரீசெட்டுக்குச் சம்மதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கீழே வருவன பெரும்பாலும் அண்ட்ரொயிட் போன்களுக்கு உரியவை. நிறுவனத்துக்கு நிறுவனம் பட்டியல்களின் பெயர்கள் சற்று மாறுபடலாம்.

போன் மெதுவாக இயங்குகிறது, அடிக்கடி உறைந்துபோகிறது

முதலில் சேமிப்பிடத்தைப் பாருங்கள். உள்நினைவகம் நிரம்பிவிட்ட போன் எவ்வளவு புதியதாக இருந்தாலும் தடுமாறும். எங்கள் பக்கத்துப் போன்களில் இடத்தைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் வட்ஸ்அப் குழுக்களில் வந்து குவியும் காணொளிகள்தான். வட்ஸ்அப்பின் அமைப்புகளுக்குள் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதியைத் திறந்தால், பெரிய கோப்புகளும் பலமுறை பகிரப்பட்டு வந்த கோப்புகளும் தனித்தனியாகக் காட்டப்படும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்து, மொத்தக் கொள்ளளவில் பத்திலொரு பங்காவது காலியாக இருக்குமாறு செய்துவிட்டு, போனை ஒருமுறை நிறுத்தி இயக்குங்கள்.

இதனாலும் தீராவிட்டால் சேஃப் மோடில் இயக்கிப் பாருங்கள். பல போன்களில், பவர் பொத்தானை அழுத்தும்போது திரையில் வரும் நிறுத்தும் தெரிவை விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் பற்றிய கேள்வி தோன்றும். அந்த நிலையில் நீங்கள் தரவிறக்கிய செயலிகள் எதுவும் இயங்கா. அப்போது போன் சீராக வேலை செய்தால் குற்றம் ஏதோ ஒரு செயலியுடையது. கடைசியாக நிறுவியதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது போதுமானது.

வெயிலில் மோட்டார் சைக்கிளின் முன்புறத்தில் பொருத்தியிருந்த போனும், வயல் வரம்பில் பவர் பாங்க்குடன் கிடந்த போனும் சூட்டினால் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். அது கோளாறு அன்று. நிழலில் ஆறவிட்டால் சரியாகும். பின்பக்கம் உப்பியிருந்தால் மட்டும் நிலைமை வேறு. வீங்கிய பற்றரியை எந்த ரீசெட்டும் சரிசெய்யாது. சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்திப் பற்றரியை மாற்ற வேண்டும்.

நிறுவன முத்திரை தோன்றுகிறது, அதற்கு அப்பால் போகவில்லை

இந்த அறிகுறியைக் கண்டதும் ரீசெட்டுக்குப் பாய்வது பெருந்தவறு, ஏனெனில் உள்ளே இருப்பவை இன்னும் அழியாமல் இருக்கின்றன. மின்வெட்டுக்குப் பிறகு முற்றாகச் சார்ஜ் இறங்கிய போன், போதிய மின்சாரம் இல்லாமலேயே இயங்க முயன்று முத்திரையில் நின்றுவிடுவதுண்டு. நல்ல சார்ஜரில் அரை மணிநேரமாவது விட்டு வையுங்கள். பின்னர் சிம் அட்டையையும் மெமரி கார்டையும் வெளியே எடுத்துவிட்டு, பவர் பொத்தானையும் வொல்யூமைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து 10 முதல் 30 விநாடி வரை அழுத்திப் பிடித்து வலிந்து மீள இயக்குங்கள். பழுதடைந்த மெமரி கார்ட் ஒன்றே முழுப் போனையும் நிறுத்திவைத்திருக்கும் சம்பவங்கள் உண்டு.

அடுத்த படி ரிகவரி மோட், அதாவது இயங்குதளம் முழுதாகத் தொடங்காமலே திறக்கும் பழுதுநீக்கும் பட்டியல். போனை நிறுத்தி, பவரையும் வொல்யூமைக் கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான போன்கள் அதற்குள் செல்லும். சாம்சங் போன்களில் அண்ட்ரொயிட் 11 தொடக்கம், போனை யூஎஸ்பி வயரால் கணினியுடன் இணைத்த பின்னரே இந்தப் பொத்தான் சேர்க்கை வேலை செய்யும். இது தெரியாமல் பொத்தான் பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கே "வைப் கேஷ் பார்ட்டிஷன்" என்ற தெரிவு இருந்தால் அதை முதலில் செய்யுங்கள். அது தற்காலிகக் கோப்புகளை மட்டுமே அழிக்கும், உங்கள் படங்களைத் தொடாது. அதற்கு அருகிலுள்ள வரியில் இருக்கும் "வைப் டேட்டா" என்பதே அனைத்தையும் அழிப்பது. இரண்டும் அருகருகே இருப்பதால் வொல்யூம் பொத்தானால் நகரும்போது அவசரப்படக் கூடாது. சில போன்கள் தாமாகவே ஒரு திரையைக் காட்டி, மீண்டும் முயல்வதா அல்லது அனைத்தையும் அழிப்பதா என்று கேட்கும். மீண்டும் முயல்வதையே முதலில் தெரிவுசெய்யுங்கள்.

உள்ளிருக்கும் படங்கள் மிக முக்கியமானவை என்றால், இந்தக் கட்டத்தில் ரீசெட் செய்யாமல் தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்திடம் கொடுப்பதே நல்லது. சில வகைப் போன்களில் தரவை அழிக்காமலேயே இயங்குதளத்தை மீள நிறுவ முடியும். அதைச் செய்யுமாறு நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எளிய வழியாக அழித்துவிடுவார்கள். ரீசெட் செய்த பின்பும் போன் முத்திரையிலேயே நிற்குமானால் பழுது வன்பொருளிலோ இயங்குதளத்திலோ உள்ளது. மீண்டும் மீண்டும் ரீசெட் செய்வதால் பயனில்லை.

பூட்டைத் திறக்கும் எண் அல்லது பற்றேர்ன் மறந்துவிட்டது

கைரேகை இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வேலை செய்தால், எக்காரணம் கொண்டும் போனை நிறுத்தாதீர்கள், சார்ஜ் இறங்கவும் விடாதீர்கள். மீள இயங்கியவுடன் அண்ட்ரொயிட் கைரேகையை ஏற்காமல் எண்ணையே கேட்கும். நிறுத்தாமல் வைத்திருந்தாலும், கடைசியாக எண் இடப்பட்டதிலிருந்து 72 மணிநேரத்துக்குள் ஒருமுறை அது எண்ணைக் கேட்டே தீரும். ஆகவே கைரேகை திறந்துதரும் அந்த இடைவெளியில், படங்களையும் தொடர்பு எண்களையும் வட்ஸ்அப்பையும் காப்பெடுத்துவிட வேண்டும்.

கைரேகையும் இல்லை என்றால் நிதானமாக நினைவுபடுத்துங்கள். போனை வைத்து விளையாடிய பிள்ளைகளிடம் அதட்டாமல் கேளுங்கள். தவறான முயற்சிகள் கூடக் கூடக் காத்திருக்கும் நேரமும் கூடும். சில போன்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பின் தாமாகவே அழித்துக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டிருக்கலாம்.

"படங்கள் போகாமல் லொக்கை எடுத்துத் தருகிறோம்" என்ற வாக்குறுதியை நம்ப வேண்டாம். அண்ட்ரொயிட் 10 உடன் வெளிவந்த, அதற்குப் பிந்திய போன்கள் அனைத்திலும் உள்நினைவகம் மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது சாவியின்றி வாசிக்க முடியாதபடி மாற்றப்பட்டே இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி உங்கள் பூட்டு எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. எனவே எண் இல்லாவிட்டால் எஞ்சியிருப்பது ரீசெட் மட்டுமே. ரிகவரி மோட் வழியாகச் செய்யலாம். போன் இயங்கிக்கொண்டும் இணையத்தில் இணைந்தும் இருந்தால், கூகிளின் தொலைந்த போனைத் தேடும் சேவையில் வேறொரு போனிலிருந்து உள்நுழைந்து தொலைவிலிருந்தும் அழிக்கலாம். எந்த வழியாக இருந்தாலும், அதன்பின் போன் பழைய கூகிள் கணக்கைக் கேட்கும். கணக்கு கையில் இல்லாமல் அழித்தால், பூட்டிய போன் ஒன்றின் இடத்தில் வேறொரு வகையில் பூட்டிய போனே கிடைக்கும்.

ரீசெட் செய்வதென்று முடிவாகிவிட்டது, ஆனால் போன் இன்னும் திறக்கிறது

இதைவிட நல்ல நிலைமை கிடையாது. ஆகவே ஆறுதலாகச் செய்யுங்கள். செற்றிங்ஸில் கணக்குகள் என்ற பகுதியைத் திறந்து, அங்குள்ள மின்னஞ்சல் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த முகவரியையும் கடவுச்சொல்லையும் வைத்து வேறொரு போனிலோ கணினியிலோ உள்நுழைய முடிகிறதா என்று சோதியுங்கள். நினைவிருக்கிறது என்று நம்புவதும் உள்நுழைந்து பார்ப்பதும் ஒன்றல்ல.

அடுத்தது காப்புப் பிரதி. வன்னியில் பெரும்பாலானோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வட்ஸ்அப்பும் கூகிள் ஃபோட்டோஸும், நீங்கள் மாற்றாதவரை, வைஃபை கிடைக்கும்போது மட்டுமே காப்பெடுக்கும் வகையில் அமைந்திருக்கின்றன. வீட்டில் வைஃபை இல்லாமல் சிம் டேட்டாவை மட்டும் பயன்படுத்துவோரின் போனில், காப்பு இயக்கப்பட்டிருப்பதாகக் காட்டினாலும், மாதக்கணக்கில் எதுவுமே மேலேறாமல் இருந்திருக்கலாம். வட்ஸ்அப்பில் அரட்டைகளுக்கான காப்புப் பகுதியைத் திறந்தால் கடைசியாகக் காப்பெடுத்த திகதி தெரியும். அந்தத் திகதியைக் கண்ணால் பாருங்கள். பழையதாகவோ வெறுமையாகவோ இருந்தால், மொபைல் டேட்டாவிலும் காப்பெடுக்க அனுமதித்தோ, வைஃபை உள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றோ உடனே எடுங்கள். காணொளிகள் வழமையாக அதில் சேர்வதில்லை. வேண்டுமானால் அந்தத் தெரிவைத் தனியாக இயக்க வேண்டும். கூகிள் இலவசமாகத் தருவது மொத்தம் 15 ஜிபி. மின்னஞ்சல், படங்கள், வட்ஸ்அப் காப்பு எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். நிரம்பியிருந்தால் காப்பு முடங்கிப்போய் நிற்கும்.

இணையத்தில் எவ்வளவு காப்பு எடுத்தாலும், படங்களை யூஎஸ்பி வயர் வழியாக ஒரு கணினிக்கும் பிரதி எடுத்துவிடுவதையே நான் எல்லோருக்கும் வற்புறுத்துவேன். அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் போனில் படம்பிடித்து வைத்திருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். வங்கிச் செயலி இருந்தால், அதை மீளப் பதிவுசெய்ய என்னென்ன தேவை என்பதை வங்கியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மெமரி கார்டை வெளியே எடுத்து வையுங்கள். அந்தக் கார்ட் போனால் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலோ, உள்நினைவகத்தின் ஒரு பகுதியாக இணைக்கப்பட்டிருந்தாலோ, ரீசெட்டுக்குப் பின் அதை வாசிக்க இயலாது. எனவே அதிலுள்ளவற்றையும் முதலில் கணினிக்கு மாற்றுங்கள்.

இவை முடிந்தபின், கூகிள் கணக்கைப் போனிலிருந்து நீக்கிவிட்டு, சார்ஜ் போதிய அளவு இருக்கும்போது, செற்றிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்யுங்கள். பூட்டு எண்ணை இட்டு இந்த வழியாக அழிக்கும்போது, அடுத்த பகுதியில் கூறப்படும் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

ரீசெட் முடிந்தது, போன் முன்பிருந்த கூகிள் கணக்கைக் கேட்கிறது

இது பழுது அன்று. 2015 இல் வந்த அண்ட்ரொயிட் 5.1 முதல் இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இது. களவெடுத்தவன் ரிகவரி மோடில் அழித்துவிட்டுப் போனைப் பாவிக்காதிருக்கவே செய்யப்பட்டது. ஆனால் உரிமையாளருக்கே தன் கணக்குத் தெரியாத இடத்தில், அது உரிமையாளரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. வன்னியில் இது அடிக்கடி நிகழ்வதற்குக் காரணம் இருக்கிறது. வயதானவர்களின் போன்களில் கணக்கைத் திறந்தது அவர்கள் அல்லர்; போனை விற்ற கடைக்காரரோ, விடுமுறைக்கு வந்த பெறாமகனோ, அவசரத்தில் ஏதோ ஒரு பெயரில் திறந்து, கடவுச்சொல்லை எங்கும் எழுதாமல் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். மீட்பு எண்ணாக இட்ட சிம்மும் ரீலோட் போடாமல் காலாவதியாகியிருக்கும்.

முதலில் திரையை நன்றாக வாசியுங்கள். பல போன்கள், கணக்குக்குப் பதிலாகப் பழைய பூட்டு எண்ணையோ பற்றேர்னையோ இடுவதற்கு ஒரு தெரிவைத் தரும். ரீசெட்டுக்கு முன்பிருந்த எண் தெரிந்தால் அதுவே போதும்.

அது இல்லாவிட்டால் முகவரியைத் தேட வேண்டும். போனின் பெட்டியிலும் விற்பனைச் சீட்டிலும் பாருங்கள், கடைக்காரர்கள் சிலர் எழுதிக் கொடுத்திருப்பார்கள். 2020, 2021 கொரோனாக் காலத்தில் பிள்ளைகளின் இணையவழி வகுப்புக்காக இந்தப் போனிலிருந்து ஏதாவது கணக்கு பாவிக்கப்பட்டதா என்று வீட்டில் விசாரியுங்கள். அதே கணக்கு வேறொரு போனிலோ, பழைய போனிலோ, வீட்டுத் தொலைக்காட்சியிலோ இருக்கலாம். வெளிநாட்டிலுள்ள உறவினர் எவருக்காவது இந்தப் போனிலிருந்து மின்னஞ்சல் சென்றிருந்தால் அவர்களிடம் முகவரி இருக்கும். ஒன்றுமே அகப்படாவிட்டால், கூகிளின் உள்நுழைவுப் பக்கத்தில் மின்னஞ்சலை மறந்தவர்களுக்கான தெரிவைத் திறந்து, மீட்பு எண்ணையும் கணக்கிலுள்ள பெயரையும் கொடுத்துத் தேடலாம். பெயரைப் பொறுத்தவரை, தந்தையின் பெயர் முன்னே இடப்பட்டதா பின்னே இடப்பட்டதா, முதலெழுத்து மட்டுமா முழுப் பெயரா, ஆங்கில எழுத்துக் கூட்டல் எப்படி என்பதெல்லாம் வேறுபட்டிருக்கும். ஆகவே அடையாள அட்டையில் உள்ள வடிவத்தையும், கணக்கைத் திறந்தவர் வழமையாக எழுதும் வடிவத்தையும் முயன்று பாருங்கள்.

முகவரி கிடைத்து, கடவுச்சொல் இல்லை என்றால், மீட்பு முயற்சியை அந்தக் கணக்கு முன்பு பாவிக்கப்பட்ட சாதனத்திலிருந்து, வழமையாக இருந்த இடத்திலிருந்து செய்யுங்கள். அறிமுகமான சாதனமும் இடமும் கூகிளுக்கு ஒரு சான்று. கொழும்பிலிருக்கும் மகனோ ரொறன்ரோவிலிருக்கும் மகளோ தம் கணினியில் முயல்வதைக் காட்டிலும், முள்ளியவளை வீட்டில், முன்பு பாவித்த வைஃபையில் முயல்வது பலன் தரும் வாய்ப்பு அதிகம். கேள்விகளுக்குத் தெரியாது என்று விட்டுவிடாமல், மிக நெருக்கமாக நினைவிருக்கும் பழைய கடவுச்சொல்லையாவது கொடுங்கள்.

மீட்டெடுத்துப் புதிய கடவுச்சொல் வைத்தவுடனே போனில் இட்டால் ஏற்காமல் போகலாம். கடவுச்சொல்லை மாற்றியபின் 24 மணிநேரம் காத்திருக்குமாறு கூகிள் கூறுகிறது. அந்த நேரம் போகட்டும், மறுநாள் இடுங்கள். பதற்றத்தில் மீண்டும் மீண்டும் மாற்றினால் காத்திருப்பு நீண்டுகொண்டே போகும்.

கணக்கு அறவே மீளவில்லை என்றால், விற்பனைச் சீட்டையும், போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ அச்சிடப்பட்ட பெட்டியையும் எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குச் செல்லுங்கள். பெட்டியை அடுப்புக்குப் போடாமல் பத்திரப்படுத்துமாறு நான் சொல்வது இதற்காகத்தான். பாதுகாப்பைச் சுற்றிக் கடந்து திறந்துதருவதாகக் கூறும் கடைகளும் காணொளிகளும் உண்டு. அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன்: எங்கிருந்தோ தரவிறக்கிய கோப்புகளைப் போனுக்குள் ஏற்றுவார்கள், பின்னர் அதே போனில்தான் நீங்கள் வங்கிச் செயலியை நிறுவப்போகிறீர்கள். புதிய அண்ட்ரொயிட் பதிப்புகள் அத்தகைய குறுக்குவழிகளை ஒவ்வொன்றாக அடைத்தும் வருகின்றன.

பாவித்த போனை வாங்கியபின் இந்தத் திரை வந்தால், விற்றவரைத் தவிர வேறெவராலும் நேர்மையான தீர்வு தர இயலாது. ஆகவே வாங்கும்போதே, விற்பவர் தம் கணக்கை நீக்கி உங்கள் முன்னிலையில் ரீசெட் செய்து, முகப்புத் திரை வரை போன் போய்ச் சேர்ந்த பின்பே காசைக் கொடுங்கள்.

கடவுச்சொல் சரி, ஆனால் உறுதிப்படுத்தும் குறியீடு கையில் இல்லாத எண்ணுக்குப் போகிறது

அந்த எண் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருந்தால், தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்கு அடையாள அட்டையோடு நேரில் சென்று அதே எண்ணுக்கு மாற்றுச் சிம் பெறலாம். நீண்டகாலம் பாவிக்காத எண் இன்னொருவருக்கு வழங்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், முதலில் அதற்கு ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள். அந்தக் குறியீட்டுக்குப் பதிலாக இடக்கூடிய கூகிளின் 8 இலக்கக் காப்புக் குறியீடுகளை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திருந்தவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை.

இணையம் இருக்கிறது, இருந்தும் உள்நுழைய முடியவில்லை

திகதியையும் நேரத்தையும் பாருங்கள். பற்றரி முற்றாக இறங்கிக் கிடந்த போன் பழைய ஆண்டு ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கலாம். திகதி பிழைத்திருந்தால் பாதுகாப்பான இணைப்பு எதுவும் ஏற்படாது. சிம்மை இட்டு, சிக்னல் கிடைக்கும் இடத்தில் மீள இயக்கினால் நேரம் பெரும்பாலும் தானாகச் சரியாகும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டானின் உட்பகுதிகள் போன்று சிக்னல் தளம்பும் இடங்களில் ஆரம்ப அமைப்பு பாதியில் அறுந்துபோகும். அதற்கென ஒருநாள் நல்ல இணைப்புள்ள இடத்துக்குப் போவது சிறந்தது. உள்நுழைந்தவுடன் செயலிகள் அனைத்தும் ஒன்றாகத் தரவிறங்கத் தொடங்கி டேட்டாவை முடித்துவிடும் என்பதால், பிளே ஸ்டோரை வைஃபையில் மட்டும் தரவிறக்கும்படி மாற்றிவிடுங்கள். இரவு டேட்டா உள்ள பொதி என்றால் அந்த நேரத்துக்கு ஒத்திவையுங்கள்.

தொடர்பு எண்கள் காணவில்லை

எண்கள் மூன்று இடங்களில் இருந்திருக்கலாம்: சிம்மில், போனில், கூகிள் கணக்கில். போனில் மட்டும் இருந்தவை போய்விட்டன. சிம்மில் இருந்தவற்றைத் தொடர்புகள் செயலியிலுள்ள இறக்குமதித் தெரிவால் கொண்டுவரலாம். கூகிளில் இருந்தவை கணக்கை இணைத்ததும் சில நிமிடங்களில் வந்துசேரும். வராவிட்டால் ஒத்திசைவு (சிங்க்) இயங்குகிறதா என்று பாருங்கள். தவறுதலாக அழித்திருந்தாலும், கூகிள் தொடர்புகளின் இணையப் பக்கத்தில் கடந்த 30 நாட்களுக்குள் இருந்த ஒரு நிலைக்குத் திரும்ப முடியும். எதுவும் இல்லாதவர்கள் வட்ஸ்அப் குழுக்களின் உறுப்பினர் பட்டியலிலிருந்து எண்களை மீளச் சேர்க்கலாம். இனிச் சேமிக்கும் ஒவ்வோர் எண்ணையும் கூகிள் கணக்கிலேயே சேமியுங்கள்.

வட்ஸ்அப் திறந்துவிட்டது, பழைய அரட்டைகள் வரவில்லை

காப்பு எந்தக் கூகிள் கணக்கில், எந்தத் தொலைபேசி எண்ணில் எடுக்கப்பட்டதோ, அதே இரண்டும் இருந்தால் மட்டுமே அது கண்டுபிடிக்கப்படும். ஆகவே கூகிள் கணக்கை முதலில் போனில் சேர்த்துவிட்டு, அதன்பின் வட்ஸ்அப்பை நிறுவுங்கள். எண்ணை இடும்போது முன்னுள்ள 0 ஐ விட்டு 94 ஐச் சேர்க்க வேண்டும். குறியீடு வரும் சிம் வேறொரு சாதாரண போனில் இருந்தாலும் பரவாயில்லை.

மீட்டெடுக்கவா என்ற கேள்வி எண் உறுதியான உடனே ஒருமுறைதான் வரும். அவசரத்தில் அதைத் தவிர்த்துவிட்டால், புதிய காப்பு பழையதன் மேல் எழுதப்படும் முன்னர், வட்ஸ்அப்பை நீக்கி மீண்டும் நிறுவுங்கள். ஒருமுறை மேலெழுதப்பட்டால் பழையது மீளாது. வட்ஸ்அப்புக்கு நீங்களே வைத்த 6 இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண்ணை மறந்து, மின்னஞ்சலும் கொடுக்காதிருந்தால் 7 நாட்கள் காத்திருக்க நேரும். காப்பையே மறையாக்கம் செய்து கடவுச்சொல் வைத்திருந்தால், அந்தக் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ இல்லாமல் அதைத் திறக்க வட்ஸ்அப் நிறுவனத்தாலும் இயலாது.

படங்கள் போய்விட்டன

2009 இல் முடிந்த போரின் இடப்பெயர்வுகளில் குடும்ப அல்பங்களை இழந்த வீடுகள் வன்னியில் நிறைய உண்டு. அம்மம்மாவின் கலியாணப் படமோ, இப்போது இல்லாத ஒருவரின் முகமோ, லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் உறவினர் தம்மிடமிருந்த பிரதியைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியதாகவே இங்கே இருக்கும். போன் ஒன்றில் மட்டும் அவற்றை வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அறிந்தே இந்தப் பகுதியைக் கவனமாக எழுதுகிறேன்.

முதலில் கூகிள் ஃபோட்டோஸைப் பழைய கணக்கோடு திறந்து பாருங்கள். காப்பெடுக்கப்பட்ட படத்தை அழித்திருந்தாலும் 60 நாட்கள் வரை அது குப்பைத்தொட்டியில் இருக்கும். வேறு கணக்கில் காப்பு நடந்திருக்கலாம் என்பதால், நினைவிலுள்ள எல்லாக் கணக்குகளையும் பாருங்கள். பின்னர் மெமரி கார்டைக் கணினியில் இட்டுப் பாருங்கள். அதில் இருந்து அழிந்தவற்றை மீட்பு மென்பொருளால் எடுக்க வாய்ப்புண்டு. அதற்காக அந்தக் கார்டில் புதிதாக எதையும் எழுதாமல் வைத்திருக்க வேண்டும்.

உள்நினைவகத்தின் கதை வேறு. மறையாக்கம் செய்யப்பட்ட போனை ரீசெட் செய்யும்போது சாவி அழிக்கப்படுகிறது. சாவி அழிந்தபின் எஞ்சியிருப்பதை எந்த மென்பொருளாலும் வாசிக்க முடியாது. அதை மீட்டுத் தருவதாகக் கூறி முற்பணம் கேட்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக, உங்களுக்குப் படங்களை அனுப்பியவர்களையும், நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களையும் ஒவ்வொருவராகக் கேளுங்கள். அவர்களின் போனில் உங்களுடனான அரட்டையைத் திறந்து அதில் பகிரப்பட்ட படங்களின் தொகுப்பைப் பார்த்தால், இரு பக்கமும் சென்ற படங்கள் ஒன்றாக இருக்கும். குடும்பக் குழு இருந்தால், அதில் நெடுங்காலம் இருந்த ஒருவரின் போனே பெரும்பாலும் முழுத் தொகுப்பையும் வைத்திருக்கும். இந்த வழியில் திரும்பிவரும் படங்கள் நினைப்பதைவிட அதிகம்.

மொழி மாறிவிட்டது, தமிழ் எழுத்துப் பலகை இல்லை

செற்றிங்ஸில் மொழி என்ற பகுதியில் தமிழ் என்பது தமிழிலேயே எழுதப்பட்டிருக்கும். கூகிளின் எழுத்துப் பலகைச் செயலியான ஜிபோர்டின் மொழிகளில் தமிழைச் சேர்த்தால் பலகை வந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்த போன், ரீசெட்டுக்குப் பின்னும் பாவிக்க முடியவில்லை

திரை எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும். ஐபோன் ஒன்று முன்னைய உரிமையாளரின் அப்பிள் கணக்கைக் கேட்டால், அது 2013 முதல் உள்ள செயற்படுத்தல் பூட்டு. அனுப்பிய மாமாவோ சித்தியோ தம் இடத்திலிருந்தே ஐகிளவுட் இணையத்தளத்தில் உள்நுழைந்து, சாதனங்களின் பட்டியலிலிருந்து அந்தப் போனை நீக்கிவிடலாம். போனைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கடவுச்சொல்லை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லவும் வேண்டாம்.

போன் திறந்து, உங்கள் சிம்மை மட்டும் ஏற்கவில்லை என்றால், அது அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்புப் பூட்டு. ரீசெட் அதைத் தொடாது. கனடாவில் 2017 டிசம்பர் முதலும் பிரித்தானியாவில் 2021 டிசம்பர் முதலும் நிறுவனங்கள் பூட்டிய போன்களை விற்பதற்குத் தடை உள்ளதால், அங்கிருந்து வரும் புதிய போன்களில் இது அரிது. பழைய போன் என்றால், அனுப்பியவரே தாம் வாங்கிய நிறுவனத்திடம் கேட்டுப் பூட்டை நீக்கச் செய்ய வேண்டும்.

சிம்மை ஏற்றுக்கொண்டும் வலையமைப்பு கிடைக்காவிட்டால், *#06# என்று அழுத்தி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, ஐஎம்இஐ என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டி ஓர் இடைவெளி விட்டு அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து வேறொரு போனிலிருந்து 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்ற பதில் வரும். பதிவில் இல்லை என்று வந்தால், மேலும் ரீசெட் செய்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, அதைப் பதிவுசெய்யும் முறையை ஆணைக்குழுவிடமே கேட்க வேண்டும்.